சின்னவளின் நாற்பத்திரண்டு பற்கள்

நாய் வளர்ப்போர் சங்கத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. "தாங்கள் கடந்த இரண்டு ஆண்டுகளாக எமது கண்காட்சிகளில் பங்கேற்கவில்லை. ஆர்வம் குறைந்ததற்கான காரணத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்" என்று அச்சடித்து, கீழே நான்கு புள்ளிக்கோடுகள் போட்டிருக்கிறார்கள். நான்கே நான்கு. ஒரு மனிதனை நாலு வருஷம் வெயிலில் நிற்கவைத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு வரி போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல. அதுவும் 'ஆர்வம் குறைந்ததற்கான' என்று எழுதியிருக்கும் லட்சணத்தைப் பாருங்கள். ஆர்வம் என்ன மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியா, தானாகக் குறைவதற்கு? குறைத்தது யார் என்று எழுத அதில் இடமே இல்லை.

படிவம் என் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வந்தது. அவர் படித்தார், நான்காக மடித்தார், பிளாஸ்டர் டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டு வேலையைப் பார்த்தார். எதையாவது மறக்க நினைத்தால் அங்கேதான் செருகுவார். நான் எடுத்துவிட்டேன். எனக்கு மறக்கும் உத்தேசம் இல்லை. நாலு வரியில் அடங்காது என்பதால் தனித்தாளில் எழுதுகிறேன்.

அவர் பல் செட் செய்பவர். பல் டாக்டர் வேறு, இவர் வேறு. டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்துத் திருப்பி அனுப்புவது இவர். வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஒரு நீள மேசை, ஜன்னலோரம் ஒரு விளக்கு, மெருகு போடும் மோட்டார், சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க யார் யாருடையதோ வெள்ளைத் தாடைகள். நிறம் பொருத்துவதும் மெருகு போடுவதும் என் வேலை. இருபத்தாறு வருஷமாக இரண்டு பேரும் எதிரெதிரே அமர்ந்து அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைக்கிறோம்.

இவருக்கு முகம் நினைவிருக்காது, பல் நினைவிருக்கும். தெருவில் ஒருவர் சிரித்துக்கொண்டு போனால், "மேல் செட் நம்மளது, கீழ வேற யாரோ" என்பார். போகிறவருக்கு இவரைத் தெரியாது. பல் நன்றாகப் பொருந்தினால் டாக்டர் கைராசிக்காரர். ஈறு வலித்தால் மட்டும், செய்தவன் சரியில்லை என்று பெட்டி திரும்பி வரும். பதினாறு வயதில் தொழிலுக்கு வந்தவர், படிப்பு, பட்டயம் என்று எதுவும் கிடையாது. டாக்டர்களின் அறைகளில் சான்றிதழ்கள் சட்டம் போட்டு வரிசையாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் பட்டறைச் சுவரில் ஒற்றைக் காலண்டர் தொங்குவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பல்லின் நிறத்தில் நூலிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவளுக்குப் புருஷன் முகம் மாறுவது தெரியாமலா போகும்?

நாயை நாங்கள் தேடிப் போகவில்லை. தொழிலை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்த ஒரு டாக்டர், தன் டாபர்மேன் போட்ட குட்டிகளில் ஒன்றை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல வம்சம், பத்திரமெல்லாம் இருக்கிறது, கண்காட்சிக்குக் கொண்டுபோ என்றாராம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, வாசலில் வைத்துக் குட்டியின் வாயைத் திறந்துவிட்டார்.

"இங்க வா, சீக்கிரம் வா. இந்தத் தாடையப் பாரு. மேல் வரிசை கீழ் வரிசை மேல எப்படி வந்து பதியுது பாரு. நான் மெழுகுல செஞ்சாக்கூட இப்படி வராது."

"பல்லு இருக்கட்டும். இத யாரு குளிப்பாட்டுறது?"

"நாயக் குளிப்பாட்டி நடுவீட்ல வைக்கத்தான் நீ இருக்கியே."

அந்தப் பழமொழியின் மீதிப் பாதி அவருக்கும் தெரியும். வழக்கம்போல வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். ஊருக்கெல்லாம் பல் செய்கிறவருக்குத் தன் பல் வரிசை கோணல் என்று ஒரு வெட்கம்.

பத்திரத்தில் குட்டிக்கு முழ நீளத்துக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது நுழையவில்லை. வீட்டில் சின்னவள் என்று ஆகிவிட்டது. பெரியவள் என்பது வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள். "பெத்த பொண்ண ஊருக்கு அனுப்பிட்டு, நாய எனக்குத் தங்கச்சி ஆக்கிட்டீங்களா?" என்று போனில் ஒரு மூச்சு சண்டை போட்டாள். அடுத்த மாதத்திலிருந்து அவள் போன் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சின்னவ சாப்ட்டாளா?" என்பதுதான்.

சங்கத்தின் விதி எளிமையானது. மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் மூன்று சான்றிதழ் வாங்கினால் நாய்க்குச் சாம்பியன் பட்டம். பட்டம் பெற்ற நாயின் பெயரைப் பதிவேட்டில் அச்சடிப்பார்கள், கீழேயே வளர்த்தவர் பெயரும் வரும். வளர்த்தவர் பெயர் வரும் என்று கேட்ட அன்று சாயங்காலமே இவர் பட்டறைச் சுவரில் மூன்று ஆணி அடித்தார். குட்டிக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை.

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். எங்கள் நாய்க்கு நிற்பதே வேலை. முன்னங்கால் நேராக, பின்னங்கால் கொஞ்சம் பின்னே தள்ளி, கழுத்தைத் தூக்கி, மூச்சு விடுவதே தெரியாமல் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். "நில்" என்று இவர் சொன்னால் நிற்பாள். மற்ற நாய்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற 'உட்கார்' அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படவே இல்லை. பழகிவிட்டால், நடுவர் கையைத் தூக்கியதும் களத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிடுமாம், அத்தோடு போச்சு. அதனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கே தடை. வந்த விருந்தாளியிடம் "உக்காருங்க" என்று சொல்ல விடமாட்டார். நாற்காலியைக் காட்டி, "இப்படி... இருங்க" என்று நான் இழுப்பேன். என் நாத்தனார் ஒருமுறை அரைமணி நேரம் நின்றுகொண்டே பேசிவிட்டு, மரியாதை தெரியாத வீடு என்று கோபித்துக்கொண்டு போனார்.

நிற்பது அவர் பொறுப்பு என்றால் வாய் என் பொறுப்பு. "வாய் விஷயம்னா உன்ன மிஞ்ச ஆள் கிடையாது" என்று அதற்கும் ஒரு குத்தல். தினமும் காலையில் நான் பல் தேய்த்துவிடுவேன். "திற" என்றால் திறப்பாள். நான் "போதும்" என்று சொல்லும்வரை மூடமாட்டாள். நடுவில் போன் வந்து நான் எழுந்து போய்விட்டால்கூட, திரும்பி வரும்போது வாயைத் திறந்தபடியே, எச்சில் ஒழுக நின்றுகொண்டிருப்பாள். இந்த இரண்டு சொல்லும் என் குரலில் வந்தால்தான் செல்லும். இவர் தொண்டை கிழியக் கத்தினாலும் பலிக்காது. எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது என்பதை மறைப்பானேன்?

முதல் சான்றிதழ் ஒன்றரை வயதில் வந்தது. அடுத்த வருஷம் இரண்டாவது. இரண்டையும் சட்டம் போட்டு மாட்டினார். கண்காட்சி என்றால் ஒரு விளையாட்டு மைதானம், நான்கு கூடாரம், கயிறு கட்டிய ஒரு களம், யாருக்கும் புரியாத ஒலிபெருக்கி. விடிந்ததும் போனால் நம் முறை வரும்போது நிழல் காலடிக்கு வந்திருக்கும். நான் முணுமுணுத்துக்கொண்டேதான் போவேன். ஆனாலும் கையில் எண் அட்டையைக் கட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில், அந்தக் கறுப்பு நாயோடு இவர் களத்தைச் சுற்றி ஓடும்போது, வருஷக்கணக்கில் மேசைக்குக் குனிந்தே கிடந்த முதுகு நிமிர்ந்துவிடும். அதைப் பார்க்கத்தான் போனேன்.

மூன்றாவதில்தான் பிடித்தது சனி.

களத்தில் ஒருவர் உண்டு. எப்போதும் வெள்ளை ஷூ போட்டிருப்பார், அதனால் எங்களுக்கு அவர் வெள்ளை ஷூ. அவருக்கு நாய் கிடையாது. மற்றவர்கள் நாயைக் கூலிக்கு ஓட்டிக் காட்டுவதுதான் தொழில். நடுவர்களோடு தோளில் கை போட்டுப் பேசுவார். இரண்டாவது சான்றிதழ் வந்ததும் இவரிடம் வந்தார். "நல்ல நாய் சார். மூணாவதுக்கு என் கையில குடுங்க. கயிறு யாரு கையில இருக்குன்னும் பாப்பாங்க, தெரியும்ல?"

"என் பொண்ண நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் இவர்.

அந்த வருஷம் நடுவராக வந்தவர் சின்னவளின் உதட்டை ஒரு விரலால் தூக்கினார், ஒரு நொடி பார்த்தார், "கடி சரியில்லை" என்று எழுதிவிட்டு நகர்ந்தார். மேல் வரிசை கீழ் வரிசையை லேசாக மூடியபடி பதிய வேண்டும், இவளுக்கு நேருக்கு நேர் முட்டுகிறது என்று குறிப்பு. சான்றிதழ் வெள்ளை ஷூ ஓட்டிய நாய்க்குப் போனது. ஒரு எறும்பைக்கூடக் கடிக்காத நாய்க்குக் கடி சரியில்லையாம். இதைவிடப் பெரிய கடியை நான் கேட்டதில்லை.

வேறொருவர் என்றால் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். கால் கோணல், வால் குட்டை என்று சொல்லியிருந்தால் இவரும் பேசாமல் போயிருப்பார். பல்லில் கைவைத்துவிட்டார்களே! ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குப் பல்லை அடுக்குகிறவரிடம், உன் வீட்டுத் தாடையே உனக்குத் தெரியவில்லை என்கிறார்கள். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பட்டறையில் நாய் வாய் அளவுக்கு ஒரு தட்டு செய்துகொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"அச்சு எடுக்கப் போறேன். நீ 'திற' மட்டும் சொல்லு."

சொன்னேன். அச்சு மாவைக் குழைத்துத் தட்டில் வைத்து அழுத்தினார். மாவு இறுக இரண்டு நிமிஷம் ஆகும். பெரிய மனிதர்களே குமட்டிக்கொண்டு டாக்டர் கையைத் தட்டிவிடும் இரண்டு நிமிஷம் அது. சின்னவள் கண்ணைக்கூட அசைக்காமல் நின்றாள். மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. "போதும்" என்றதும் வாயை மூடி, மாவின் புதினா வாசனையை அன்று முழுவதும் நக்கிக்கொண்டு திரிந்தாள். பிளாஸ்டர் ஊற்றி, இரண்டு தாடையையும் கீல் வைத்த சட்டத்தில் பொருத்தி, மூடித் திறந்து காட்டினார். நாற்பத்திரண்டு பல், மேல் வரிசை கீழ் வரிசையைக் கத்தரிக்கோல் மாதிரி உரசிக்கொண்டு வந்து பதிந்தது. அவர் செய்ததிலேயே அழகான வேலை அது. அதுதான் வினையாகவும் முடிந்தது.

அதை ஒரு இனிப்புப் பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனோம். பேட்டரிக் கடைக்கு மாடியில் ஒரு அறை. கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள், சுழலும்போது டிக் டிக் என்று அடிக்கும் ஒரு மின்விசிறி. செயலாளர் தாடையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதமா இருக்கே! யாரு செஞ்சது?"

"நாந்தான் சார்."

"ஓ, நீங்க பல் செட் செய்றவரா?"

இந்த இடத்தில் இவர் "ஆமாம்" என்று நிறுத்தியிருக்கலாம். அத்தனை வருஷத்தில் யாரும் யார் செய்தது என்று கேட்டதில்லை. கேட்டுவிட்டார்கள், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "ஆமா சார். நான் வச்ச பல்லு எது, சொந்தப் பல்லு எதுன்னு டாக்டராலகூடக் கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

செயலாளர் தாடையை மேசையில் வைத்தார். பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். "அப்படியா" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும். பத்து நாளில் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் செயற்கைப் பல் பொருத்தும் தொழிலில் இருப்பதாலும், பொருத்தினால் கண்டுபிடிக்க இயலாது என்று அவரே கூறியிருப்பதாலும், நாயின் வாயில் செயற்கைத் திருத்தம் செய்யப்படவில்லை என்பதை எக்ஸ்ரே மூலம் நிரூபிக்க வேண்டும்.

கடி சரியில்லை என்ற புகார் போய், கடி ஏன் இவ்வளவு சரியாக இருக்கிறது என்ற புகார் வந்துவிட்டது! நான் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஆடிய ஆட்டம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாடியிலிருந்து இறங்கும்போது இவர் மெதுவாகச் சொன்னார், "செயலாளரோட மேல் முன்பல்லு நாலும் நம்ம செஞ்சதுதான். மூணு வருஷம் ஆச்சு. நல்லா நிக்குது." கடிதம் வந்த அன்று நான் கேட்டேன், "அந்தாள் வாயிலயே உங்க பல்ல வச்சிக்கிட்டு, நம்ம நாயப் போலின்றான். போய் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வாங்களேன்." தலையை ஆட்டினார். "அடுத்தவங்க வாய் விஷயத்த வெளிய சொல்றது தொழிலுக்கு அழகில்ல" என்றார். அவர் சொல்லமாட்டார். நான் அவரில்லை.

எக்ஸ்ரே எடுத்தோம். நாற்பத்திரண்டுக்கும் வேர் இருந்தது. சங்கம் ஏற்றுக்கொண்டது. ஆனால் 'நடுவர்களின் கவனத்துக்கு' என்று ஒரு குறிப்பைச் சின்னவள் பெயருக்கு எதிரே போட்டு வைத்தார்கள். வேர் தெரிந்தாலும் வதந்தி போகவில்லை. மைதானத்தில் அவளுக்குப் பெயரே 'கட்டுப்பல்' என்று ஆகிவிட்டது. பட்டறையில் நாளெல்லாம் மரியாதையோடு புழங்கிய சொல் அங்கே வசவாகிவிட்டது. அதன்பிறகு வந்த நடுவர்கள் அவள் நடையைப் பார்க்கவில்லை, தோளைப் பார்க்கவில்லை, நேராகப் பல்லுக்கு வந்தார்கள். ஒருவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொடுத்து, கழன்று வருகிறதா என்று கோரைப்பல்லைப் பிடித்து இழுத்தார். ஒருதரம் இல்லை, மூன்று தரம். சின்னவள் வீல் என்று கத்தினாள். ஆனாலும் காலை நகர்த்தவில்லை. "நில்" என்றல்லவா சொல்லியிருந்தது!

அந்தச் சமயத்தில்தான் கண்காட்சிக்கு நாயோடு வந்துகொண்டிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவர், லாப்ரடார் வைத்திருந்தார், சொல்லிக்கொள்ளாமலே வருவதை விட்டார். கடைவீதியில் பார்த்துக் கேட்டால், "வீட்டுக்கு வந்தா நாயக் கொஞ்சத் தோண மாட்டேங்குது, குறை தேடத்தான் தோணுது" என்றார். எனக்கும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. இவருக்கு வெறுத்துக்கொண்டே வந்தது, எனக்கோ வெறி பிடித்துக்கொண்டே போனது. முதலில் நாயே வேண்டாம் என்றவள் நான். இப்போது அந்த மூன்றாவது ஆணியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படியாவது அந்தச் சான்றிதழை வாங்கி அந்தச் செயலாளர் முகத்துக்கு நேரே ஆட்ட வேண்டும். இரண்டு வேளை பல் தேய்த்தேன். தேய்க்கும்போது தலையைத் தடவிக் கொடுப்பதை எப்போது விட்டேன் என்றுகூட நினைவில்லை.

கடைசிக் கண்காட்சியில் அவளுக்கு நாலு வயது. வெகுதூரத்திலிருந்து ஒரு நடுவர் வந்திருந்தார், மெல்லிய குரல்காரர். யாரோடும் தோளில் கை போடவில்லை. வெள்ளை ஷூவின் வணக்கத்துக்குத் தலையை மட்டும் அசைத்தார். எல்லா நாயையும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, சின்னவளை வரிசையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். இனி வாய் ஒன்றுதான் பாக்கி.

அவர் கை முகத்துக்குக் கிட்டே வந்ததும் சின்னவள் பின்வாங்கினாள். நாலு வருஷத்தில் முதல்முறையாகக் காலை நகர்த்தினாள். இவர் கால்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு நடுங்கினாள். நடுவர் அவசரப்படவில்லை. "பயப்படுறா. ஆனா பல்லப் பாக்காம என்னால தர முடியாது. நீங்களே தொறந்து காட்டுங்க சார்" என்றார்.

இவர் குனிந்து அவள் தாடையைத் தொட்டார். தொட்டவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கைக்குள் அவள் நடுங்குவது எனக்கு என்ன தெரியும், நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு விரல் அசைந்தால் மூன்றாவது ஆணி நிறையும் என்பதுதான். களத்துக்கு வெளியிலிருந்து யாரும் நாய்க்குக் குரல் கொடுக்கக் கூடாது என்பது விதி. எனக்கு அந்த விதியும் தெரியும்.

"திற!" என்று கத்தினேன்.

சின்னவள் என் பக்கம் திரும்பினாள். இவர் கால்களுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். யாரும் தொடாமல், நான்கு காலையும் சரியாக வைத்து நின்று, என்னைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள். உடம்பு உதறிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் ஆடவில்லை.

நடுவர் மண்டியிட்டுப் பார்த்தார், கைபடாமல். "நாப்பத்திரெண்டும் இருக்கு. கடி ரொம்ப சரியா இருக்கு" என்றார். மேசையிலிருந்த செயலாளர் எழுந்து, வெளியிலிருந்து குரல் வந்ததால் விதிப்படி செல்லாது என்று கத்தினார். "எனக்கு எதுவும் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு நடுவர் பேனாவைத் திறந்தார்.

நான் அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தாளின் மேல் போவதை, தேதி எழுதுவதை, நாயின் முழ நீளப் பெயரை எழுதத் தொடங்குவதை. பக்கத்தில் யாரோ கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இவர் பேனாவைப் பார்க்கவில்லை. சின்னவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்து, "போதும்" என்றார். அவர் குரலில் அந்தச் சொல் அவளுக்குப் புரியவில்லை. வாயைத் திறந்தபடியே நின்றாள். இவர் உள்ளங்கையை அவள் மோவாய்க்கு அடியில் கொடுத்து, மெதுவாக மூடிவிட்டார். எழுந்தார், கயிற்றைத் தூக்கி, அவளோடு குனிந்து வெளியே வந்தார்.

"சார், கையெழுத்து முடியாம வெளிய போனா சான்றிதழ் கெடையாது!" என்று செயலாளர் கத்தினார். இவர் திரும்பவில்லை. எண் அட்டையைக் கழற்றி ஒரு நாற்காலி மேல் வைத்துவிட்டு நடந்தார்.

வண்டியில் நான் அவரைக் கிழிகிழியென்று கிழித்தேன். "பாதிப் பேரு எழுதியாச்சு! இன்னும் ஒரு நிமிஷம் நின்னா என்ன குறைஞ்சு போயிருப்பீங்க? கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டீங்களே! நாலு வருஷம்ங்க, நாலு வருஷம்!" ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, கோபமே இல்லாமல் சொன்னார்:

"நீ 'போதும்' சொல்லலியே."

வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. பின்சீட்டில் சின்னவள் நின்றுகொண்டே வந்தாள். அவளுக்குத்தான் உட்காரத் தெரியாதே.

இரண்டு வருஷம் ஆகிறது. பதிவேட்டில் இவர் பெயர் வரவில்லை. இனி வரவும் வராது. எனக்கு இன்னும் ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செயலாளர் மேலும் ஆறவில்லை, வெள்ளை ஷூ மேலும் ஆறவில்லை, என் மேலும் ஆறவில்லை. மூன்றாவது ஆணியில் என் குடை தொங்குகிறது. இவர் சாயங்காலங்களில் "உக்காரு, உக்காரு" என்று சின்னவளிடம் கெஞ்சுகிறார். பிஸ்கட்டோடு கை உயர்ந்தால் அவள் நான்கு காலையும் சரியாக வைத்துக்கொண்டு நிற்கிறாள். விருந்தாளிகளுக்கு மட்டும் விடுதலை கிடைத்துவிட்டது. நாத்தனார் வந்தால் இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறேன்.

படிவத்தின் நான்கு கோடும் காலியாகவே கிடக்கின்றன. இந்தத் தாள்களை அதோடு சேர்த்துப் பின் குத்தி அனுப்புவதா, மறுபடி பிளாஸ்டர் டப்பாவுக்கு அடியிலேயே செருகுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

காலையில் பல் தேய்ப்பதை மட்டும் விடவில்லை. கண்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பல் பல்தானே. "திற" என்கிறேன், திறக்கிறாள், என்னைப் பார்க்கிறாள். கடைவாய்ப் பல்லெல்லாம் இன்னும் பாக்கி இருக்கும். இப்போதெல்லாம் பாதியிலேயே "போதும்" என்று சொல்லிவிடுகிறேன்.